ஜிஎஸ்டி ஜேசானை ஜெர்மன்காரர் கேட்கும் எக்ஸ்எம்எல்லாக மாற்றுவது எப்படி? பதினொரு தப்பு காட்டித் திரும்பி வந்துவிட்டது

பேரணாம்பட்டு பில்லு:
பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் கணக்கு, பில்லிங், எக்ஸ்போர்ட் பேப்பர் மூன்றையும் நான் ஒருவனே பார்க்கிறேன். ஃபினிஷ்டு லெதர் போகும், கொஞ்சம் ஷூ அப்பரும் போகும். ஜெர்மனியில் ஒரு பழைய பார்ட்டி, வருடக்கணக்காக பிடிஎஃப் அனுப்பினால் போதும், தேதி தவறாமல் பணம் வந்துவிடும். போன மாதம் ஒரு மெயில் வந்தது. இனிமேல் பிடிஎஃப்பை அவர்கள் சிஸ்டம் எடுக்காதாம், மெஷினே நேராகப் படிக்கிற எக்ஸ்எம்எல்லாக, எக்ஸ்ரெஹ்னுங் அல்லது சுக்ஃபெர்ட் என்ற ஜெர்மன் இ-இன்வாய்ஸ் வடிவத்தில் வேண்டுமாம்.

நாம்தான் ஏற்கெனவே ஐஆர்பி என்கிற ஜிஎஸ்டி பில் பதிவு போர்ட்டலில் ஜேசான் ஃபைல் ஏற்றுகிறோமே, அதுவும் இ-இன்வாய்ஸ், இதுவும் இ-இன்வாய்ஸ், ஒன்றை இன்னொன்றாக மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு கன்வெர்ட்டரில் போட்டேன், அரை நிமிடத்தில் எக்ஸ்எம்எல் கையில் வந்தது, அனுப்பினேன். அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது, கூடவே பதினொரு தப்பு இருக்கிற ஒரு ரிப்போர்ட். பில் அவர்கள் சிஸ்டத்தில் ஏறினால்தான் 60 நாள் கிரெடிட் கணக்கு ஆரம்பமாகும் என்கிறார்கள். சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. முதலாளியோ "ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலாக மாத்தறதுக்கு இத்தனை நாளா" என்று கேட்கிறார். யாராவது இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

பாலாறு மணல்:
இது ஜெர்மனிக்குள்ளே இருப்பவர்களுக்குள் உள்ள சட்டம் தம்பி, நமக்குக் கட்டாயமே கிடையாது. பிடிஎஃப்தான் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்:
சட்டப்படி மணல் சொல்வது சரி. 2025 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் இருக்கிற நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அனுப்பும் கட்டாயம், முந்தைய வருட விற்றுமுதல் 8 லட்சம் யூரோவைத் தாண்டியவர்களுக்கு 2027 முதல், மற்றவர்களுக்கு 2028 முதல். இரண்டு பக்கமும் ஜெர்மனியில் இருக்கும் பரிவர்த்தனைக்குத்தான் அது பொருந்தும். பெல்ஜியத்தில் 2026 ஜனவரி 1 முதல் வருவதும் உள்நாட்டு வியாபாரத்துக்கான விதிதான். ஆகவே பேரணாம்பட்டிலிருந்து போகிற பில்லை எந்த ஜெர்மன் சட்டமும் எக்ஸ்எம்எல்லாகத்தான் தர வேண்டும் என்று சொல்லவில்லை.

வாணியம்பாடி ஷூ அப்பர்:
சட்டம் சொல்லாவிட்டால் என்ன, பணம் தருகிறவர் சொல்கிறாரே. எங்களுக்கும் இதே கதைதான். அங்கே பில்லைக் கையில் அடித்து ஏற்றிக்கொண்டிருந்த ஆளை எடுத்துவிட்டார்கள், மெஷின் படிக்காவிட்டால் பில் கியூவிலேயே கிடக்கும். சட்டம் பேசினால் ஜெயிக்கலாம், அடுத்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். பில்லு தம்பி, அந்தப் பதினொன்றையும் இங்கே போடுங்கள், பார்ட்டி பேர், விலை எல்லாம் மறைத்துவிட்டு.

பேரணாம்பட்டு பில்லு:
புரிந்த மட்டும் எழுதுகிறேன் அண்ணே. தேதி தவறு என்கிறது. யூனிட் கோடு தெரியாது என்கிறது, இரண்டு இடத்தில். எங்கள் ஜிஎஸ்டி நம்பர் ஏதோ பிஆர்-சிஓ-09 விதிக்கு ஒத்துவரவில்லை. வரி வகை ஜி என்று இருப்பதற்கு பிஆர்-ஜி-02 என்று இன்னொரு விதி. வாங்குபவர் ரெஃபரன்ஸ் இல்லை. எங்கள் பக்கத்துத் தொடர்பு ஆள் பேர், போன், மெயில் மூன்றும் இல்லை, அதற்கே மூன்று தப்பு. பேமென்ட் விவரம் இல்லை. லைன் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. இதெல்லாம் போக, ரிப்போர்ட்டில் வராத ஒன்றை அவர்களே மெயிலில் கேட்டிருந்தார்கள்: "எங்கள் பின்கோடு 999999 என்று ஏன் போட்டிருக்கிறீர்கள்?"

குடியாத்தம் 2001:
999999 😂 ஜெர்மனியில் அந்தத் தபால்காரர் எந்த ஊருக்குப் போவார் பாவம்.

விசாரம் டாக்ஸ்:
சிரிக்காதீர்கள், அந்த 999999தான் இந்தப் பிரச்சினைக்கே வேர். மேல்விசாரத்தில் பதினெட்டு வருடமாக எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம்ம ஜேசான் எதற்காகச் செய்யப்பட்டது? ஜிஎஸ்டிக்கு. வெளிநாட்டுப் பார்ட்டிக்கு ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அதனால் யூஆர்பி, அதாவது பதிவு இல்லாதவர், என்று போடுகிறோம். மாநிலக் குறியீடு 96, பின்கோடு 999999. இதெல்லாம் "இவர் நம்ம நாட்டுக்காரர் இல்லை" என்று போர்ட்டலுக்குச் சொல்கிற அடையாளம், விலாசம் கிடையாது. அவருடைய உண்மையான ஐந்து இலக்க ஜெர்மன் பின்கோடு அந்த ஃபைலில் எங்குமே இல்லை. கன்வெர்ட்டர் என்ன செய்யும், இருப்பதைத்தான் எடுத்து வைக்கும்.

பணமும் அப்படித்தான். பில் யூரோவில் போட்டிருப்பீர்கள், ஜேசானில் ஒவ்வொரு லைனும் ரூபாய். கஸ்டம்ஸ் அறிவிக்கிற மாற்று விகிதத்தில் பெருக்கி ரூபாயாக்கி ஏற்றியிருப்பீர்கள். யூரோ என்பது எந்தக் கரன்சி என்ற ஒரு கோடாகவும், விருப்பப்பட்டால் நிரப்புகிற மொத்தத் தொகையாகவும் மட்டும்தான் அதில் இருக்கும். அந்தக் கன்வெர்ட்டர் ரூபாயைத் திரும்ப யூரோவாக வகுத்திருக்கும், சென்ட் சென்ட்டாக உதறியிருக்கும். மொத்தம் ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆகையால் தம்பி, ஜேசானிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்குப் போகாதீர்கள். பேக்கிங் லிஸ்ட், ஆர்டர், கமர்ஷியல் இன்வாய்ஸ் இருக்கும் இடத்திலிருந்து இரண்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். பாலுக்குத் தயிரும் நெய்யும் பிள்ளைகள், தயிரிலிருந்து பால் எடுக்க முடியாது.

காட்பாடி கோடர்:
அக்கா சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். டெவலப்பர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஈஎன் 16931 என்று ஒரு தரம் இருக்கிறது. அது ஃபைல் வடிவம் இல்லை, ஒரு பில்லில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும், அவற்றுக்குள் என்ன உறவு என்ற பட்டியல். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண்: பில் நம்பர் பிடி-1, கரன்சி பிடி-5, வாங்குபவர் ரெஃபரன்ஸ் பிடி-10, இப்படி. அதை எழுதிக்காட்ட இரண்டு மொழி. ஒன்று யூபிஎல் 2.1, இன்னொன்று ஐநா அமைப்பின் சிஐஐ. எக்ஸ்ரெஹ்னுங் என்பது இந்தத் தரத்தின் மேல் ஜெர்மனி சேர்த்த கூடுதல் விதிகள், யூபிஎல்லிலும் வரலாம் சிஐஐயிலும் வரலாம். சுக்ஃபெர்ட் என்பது பிடிஎஃப்/ஏ-3 ஃபைலின் வயிற்றுக்குள் சிஐஐ எக்ஸ்எம்எல்லை வைத்தது. பிரான்சில் அதையே ஃபாக்டூர்-எக்ஸ் என்கிறார்கள், புதிய பதிப்புகளில் இரண்டும் ஒன்றுதான். சுக்ஃபெர்ட்டில் பல புரொஃபைல் உண்டு. மினிமம், பேசிக் டபிள்யூஎல் இரண்டிலும் லைன் விவரமே இருக்காது, ஜெர்மனியில் அவற்றை முழு இ-இன்வாய்ஸாக எடுத்துக்கொள்வதில்லை. ஈஎன் 16931 புரொஃபைல் எடுங்கள்.

யூபிஎல்லிலிருந்து சிஐஐக்கோ அதிலிருந்து இதற்கோ மாற்றுவது சுலபம், ஏனென்றால் இரண்டுக்கும் பின்னால் ஒரே பட்டியல். நம்ம ஜேசானுக்குப் பின்னால் இருப்பது வேறு பட்டியல். அங்கேதான் முட்டுகிறது.

இப்போது உங்கள் தப்புகள். தேதி: நம்மிடம் நாள்/மாதம்/வருடம். 03/07/2025 என்றால் ஜூலை 3. யூபிஎல்லில் 2025-07-03, சிஐஐயில் 20250703 என்று போட்டு 102 என்ற வடிவக் குறியும் தர வேண்டும். யூனிட்: நம்ம பிஆர்எஸ், எஸ்க்யூஎஃப் எல்லாம் அங்கே செல்லாது, ஐநா பரிந்துரை 20 பட்டியலில் ஜோடிக்கு பிஆர், சதுர அடிக்கு எஃப்டிகே, கிலோவுக்கு கேஜிஎம்.

ஜிஎஸ்டி நம்பர்: பிடி-31 என்ற வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி அங்குள்ள வரி) நம்பர் கட்டத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் முதல் இரண்டு எழுத்து நாட்டுக் குறியீடாக இருக்க வேண்டும், நமக்கு 33 என்று தமிழ்நாட்டு எண்ணில் ஆரம்பிக்கிறது, அதனால் பிஆர்-சிஓ-09 உதைக்கிறது. வரி வகை ஜி என்பது ஏற்றுமதி, அது சரிதானே, அதை மட்டும் ஏன் அடித்தது என்று தெரியவில்லை. ஜிஎஸ்டி நம்பருக்கு முன்னால் ஐஎன் சேர்த்துவிட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

விசாரம் டாக்ஸ்:
அங்கேதான் தப்பு செய்கிறீர்கள் கோடர் தம்பி. ஜி என்பது "ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே ஏற்றுமதி". ஜெர்மன்காரர் நமக்கு மெஷின் விற்றால் அவர் ஜி போடுவார். நாம் இங்கிருந்து உள்ளே அனுப்புகிறோம், நமக்கு அது ஏற்றுமதி, அந்த வரிச் சட்டத்தின் கண்ணில் அது இறக்குமதி. ஏற்றுமதி என்ற வார்த்தையைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பினால் இப்படித்தான் ஆகும். ஐஎன் சேர்த்தால் வேலிடேட்டர் வாயை மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இல்லாத ஒரு வாட் நம்பரை உண்டாக்கி இன்வாய்ஸில் போட்டதாக ஆகிவிடும்.

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்:
அக்கா சொல்வதுதான் சரி. சரக்கு ஹாம்பர்கில் இறங்கும்போது இறக்குமதி வாட்டைக் கஸ்டம்ஸில் கட்டுவது வாங்குபவர். நம் பில்லில் ஜெர்மன் வாட் என்று ஒன்றுமே இல்லை. அதனால் வரி வகை ஓ, அதாவது வாட் வரம்புக்குள் வராதது. ஒரு எச்சரிக்கை: டிடிபி கண்டிஷனில் விற்றால், அதாவது வரியெல்லாம் நாமே கட்டி அவர் வாசலில் இறக்குவதாக இருந்தால், வேறு கதை. அங்கே நீங்களே வாட் பதிவு வாங்க வேண்டி வரும். பில்லு, உங்கள் கண்டிஷன் என்ன?

பேரணாம்பட்டு பில்லு:
எஃப்ஓபி சென்னை சார், சென்னையில் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடிந்தது.

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்:
அப்போ ஓதான்.

காட்பாடி கோடர்:
சரி, ராத்திரி உட்கார்ந்து டெஸ்ட் செய்து பார்த்தேன். அக்காவிடம் மன்னிப்பு. ஜி போட்டால் விற்பவருக்கு வாட் நம்பர் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் அந்த பிஆர்-ஜி-02. கட்டத்தில் கிடந்த ஜிஎஸ்டி நம்பரை அவர்கள் சிஸ்டம் வாட் நம்பராகவே எடுக்கவில்லை போல.

ஓ போட்டால் நேர் எதிர். பிஆர்-ஓ-02 என்று ஒரு விதி இருக்கிறது, விற்பவரின் வாட் நம்பரும் இருக்கக்கூடாது, வாங்குபவரின் வாட் நம்பரும் இருக்கக்கூடாது! அதாவது பார்ட்டி ஆசையாக "எங்கள் டிஈ நம்பரைப் பில்லில் போடுங்கள்" என்று சொல்லியிருந்தாலும் அதை வாங்குபவர் வாட் நம்பருக்கான பிடி-48 கட்டத்தில் போட முடியாது. வரி விகிதமும் எழுதக்கூடாது, 0 என்றுகூட. வரி ஏன் இல்லை என்ற காரணத்தை வாசகமாகவோ கோடாகவோ தர வேண்டும். ஒரே பில்லில் ஓ வகையோடு வேறு வகையைக் கலக்கவும் முடியாது.

அப்புறம் பிஆர்-சிஓ-26 வந்தது. விற்பவரை அடையாளம் காண பிடி-29, பிடி-30, பிடி-31 மூன்றில் ஒன்றாவது வேண்டும். 31 போடக்கூடாது என்று முதல் விதி சொல்லிவிட்டது. ஆக பிடி-30ல் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் கோடு) நம்பர், பிடி-29ல் பார்ட்டி நமக்குக் கொடுத்திருக்கும் வெண்டர் நம்பர். நம்ம ஜிஎஸ்டி நம்பரை உள்நாட்டு வரிப் பதிவு என்ற பிடி-32 கட்டத்தில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆன்லைன் கன்வெர்ட்டர்கள் இதையெல்லாம் ஏன் செய்வதில்லை என்றால், அவை ஐரோப்பாவுக்குள் விற்பவரை நினைத்துச் செய்தவை.

குடியாத்தம் 2001:
ஒரு கட்டம் காலியாக இருந்தால் நம்ம போர்ட்டல் திட்டும், நிரப்பினால் ஜெர்மன்காரன் திட்டுவான். மாமியார் மருமகள் வீடுதான்.

பாலாறு மணல்:
இத்தனை வேலைக்கு அந்த எக்ஸ்எம்எல்லைக் கையிலேயே நோட்பேடில் திருத்தி அனுப்பிவிடலாமே? மாதத்துக்கு எத்தனை பில் போடப் போகிறார்?

வாணியம்பாடி ஷூ அப்பர்:
மாதம் நாலு பில் என்றால் நோட்பேடு போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். மூன்றாவது பில்லில் பழைய பில்லின் பேங்க் விவரம் அப்படியே போய்விட்டது, நல்ல வேளையாக அதுவும் எங்கள் அக்கவுண்ட்தான், வேறு கிளை. அன்றோடு விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இலவச கன்வெர்ட்டரில் உண்மையான பில்லை ஏற்றாதீர்கள் தம்பி. சதுர அடி விலை, பார்ட்டி பேர், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் யாரோ ஒருவர் சர்வரில் போய் உட்காரும். ஆம்பூரில் பக்கத்து ஷாப்புக்கு விலை தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம், அப்புறம் அதையே ஊர் பேர் தெரியாத வெப்சைட்டில் கொடுக்கிறோம்.

காட்பாடி கோடர்:
ஆமாம். நம்ம கம்ப்யூட்டரிலேயே செய்யலாம், இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். எக்ஸ்எம்எல் செய்யவும் சுக்ஃபெர்ட் பிடிஎஃப் கட்டவும் மஸ்டாங் என்ற ஜாவா லைப்ரரி. சரிபார்க்க, ஜெர்மன் அரசு பக்கத்து அமைப்பான கோசிட் வெளியிடும் வேலிடேட்டர், அதற்கு எக்ஸ்ரெஹ்னுங் விதித் தொகுப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். விதித் தொகுப்பு அவ்வப்போது மாறும், பழையதை வைத்துக்கொண்டு "என்னிடம் பாஸ் ஆனது" என்று சண்டை போடாதீர்கள், நான் போட்டிருக்கிறேன். ஜாவா இருந்தால் இரண்டும் ஓடும், இன்டர்நெட் இல்லாமலே.

வேலிடேட்டர் இரண்டு அடுக்காகப் பார்க்கும். முதல் அடுக்கு எக்ஸ்எம்எல் அமைப்பு சரியா என்று, இரண்டாவது ஸ்கீமாட்ரான் விதிகள், நாம் இவ்வளவு நேரம் பேசிய பிஆர் எல்லாம் அதில்தான். 999999 மாதிரி தப்பை இரண்டுமே பிடிக்காது, பின்கோடு கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

பேரணாம்பட்டு பில்லு:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன், கரண்ட் இரண்டு தடவை போனது, அது தனி. எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன், பேக்கிங் லிஸ்டிலிருந்து லைன்கள், பார்ட்டி விவரத்துக்கு ஒரு ஷீட், பேங்க் விவரத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் ரூபாய் ஜேசான், இன்னொரு பக்கம் யூரோ எக்ஸ்எம்எல். சித்தப்பா பையன் வேலூரில் இன்ஜினியரிங் படிக்கிறான், மஸ்டாங்கைக் கூப்பிடுகிற சின்ன புரோகிராம் அவன் எழுதிக் கொடுத்தான். பதினொன்று மூன்றாகக் குறைந்துவிட்டது.

ஒன்று, மொத்தத்தில் ஒரு சென்ட் வித்தியாசம். இரண்டு, பேமென்ட். மூன்று, ஃபைலே திறக்கவில்லை என்று ஒரு பில்லுக்கு மட்டும் வருகிறது, மற்ற பில்லுக்கு வரவில்லை.

விசாரம் டாக்ஸ்:
ஒரு சென்ட் எங்கே போனது என்று லைன் போடுங்கள், கண்டுபிடிக்கலாம்.

பேரணாம்பட்டு பில்லு:
சதுர அடி 2.35 யூரோ. மூன்று லைன்: 1248.75, 1252.75, 1256.75 சதுர அடி. மொத்தச் சதுர அடியைக் கூட்டி விலையால் பெருக்கினால் 8831.89 வருகிறது அக்கா, பார்ட்டியின் ஆர்டர் ஷீட்டும் அப்படித்தான். வேலிடேட்டர் 8831.88 வேண்டும் என்கிறது.

காட்பாடி கோடர்:
லைன் லைனாகப் பெருக்கிப் பாருங்கள்: 2934.5625, 2943.9625, 2953.3625. லைன் தொகையில் இரண்டு தசமத்துக்கு மேல் வைக்கக்கூடாது, ஆக 2934.56, 2943.96, 2953.36. கூட்டினால் 8831.88. பில் மொத்தம் என்பது ரவுண்ட் செய்யப்பட்ட லைன்களின் கூட்டுத்தொகையாக மட்டுமே இருக்க முடியும், அதுதான் பிஆர்-சிஓ-10. ஒவ்வொரு லைனிலும் கால் சென்ட் கீழே விழுந்து மூன்றும் சேர்ந்து உங்கள் ஒரு சென்ட்டைச் சாப்பிட்டுவிட்டது. நாளைக்கு இதே பார்ட்டி பெப்பால் என்ற இ-இன்வாய்ஸ் நெட்வொர்க்கில் கேட்டால் அங்கே அளவு × விலை = லைன் தொகையா என்றும் ஒரு விதி பார்க்கும், ஆகவே லைனை நெளித்துச் சரிக்கட்டுகிற பழக்கம் வேண்டாம்.

விசாரம் டாக்ஸ்:
கமர்ஷியல் இன்வாய்ஸையும் 8831.88 என்றே மாற்றுங்கள். கஸ்டம்ஸில் கொடுக்கிற ஷிப்பிங் பில்லில் ஒன்று, எக்ஸ்எம்எல்லில் ஒன்று, பேங்கில் வந்த பணம் ஒன்று என்று போனால், ஒரு சென்ட்டுக்காக பேங்கில் ஏற்றுமதிப் பணம் வந்த கணக்கை முடிக்கும்போது விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஷிப்பிங் பில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் இந்தத் தடவை விட்டுவிட்டு, அடுத்த ஆர்டரிலிருந்து ஆரம்பத்திலேயே லைன் லைனாக ரவுண்ட் செய்யுங்கள்.

வாணியம்பாடி ஷூ அப்பர்:
பேமென்ட்டுக்கு நான் சொல்கிறேன், அதில் நான் நொந்தவன். வகைக் கோடு 58 என்று போட்டிருப்பீர்கள், அது செப்பா என்ற ஐரோப்பிய பேங்க் டிரான்ஸ்ஃபர், ஐபான் என்கிற அங்குள்ள அக்கவுண்ட் எண் கேட்கும். நமக்கு ஐபானே கிடையாது. 30 என்று போட்டு, பிடி-84ல் அக்கவுண்ட் நம்பர், பிடி-86ல் ஸ்விஃப்ட் கோடு.

பேரணாம்பட்டு பில்லு:
58தான் போட்டிருந்தது அண்ணே! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்.

வாணியம்பாடி ஷூ அப்பர்:
எல்லா மாதிரி ஃபைலிலும் 58தான் இருக்கும் தம்பி, காப்பி அடித்தால் அதுதான் வரும்.

காட்பாடி கோடர்:
திறக்காத அந்த ஒரு பில்லில் பார்ட்டி பெயரிலோ உங்கள் கம்பெனி பெயரிலோ & குறி இருக்கிறதா?

பேரணாம்பட்டு பில்லு:
இருக்கிறது. பார்ட்டியின் இன்னொரு கம்பெனி, பெயருக்குக் கடைசியில் "& கோ".

காட்பாடி கோடர்:
அதேதான். எக்ஸ்எம்எல்லில் & குறியை அப்படியே எழுதினால் ஃபைல் அங்கேயே முறிந்துவிடும், அதற்கென்று உள்ள மாற்றுக் குறியாக (எஸ்கேப்) எழுத வேண்டும். தம்பியிடம் எழுத்துத் துண்டுகளை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் செய்யாமல் லைப்ரரியிடமே பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள், அது பார்த்துக்கொள்ளும். ஜேசானில் & ஒரு பிரச்சினையே இல்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. கையோடு அவர்கள் தெருப் பெயரில் இருக்கிற ஜெர்மன் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எக்செல்லிலிருந்து எடுக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேமிக்காவிட்டால் அதுவும் நடக்கும்.

குடியாத்தம் 2001:
எங்கள் ஊரில் பாதி கடைக்கு "& சன்ஸ்"தான். இந்த எக்ஸ்எம்எல் இங்கே வந்தால் பஜார் வீதியே முறிந்துவிடும்.

பாலாறு மணல்:
ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. இந்த எக்ஸ்எம்எல் அனுப்பிவிட்டால் போர்ட்டல் தருகிற நம்ம ஐஆர்என் நம்பர் எதற்கு? எது ஒரிஜினல் பில்?

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்:
நல்ல கேள்வி. நம் சட்டத்துக்கு ஐஆர்பியில் பதிவாகி, 64 எழுத்து ஐஆர்என்னும் கையொப்பமிட்ட க்யூஆர் கோடும் வந்த பில்தான் பில். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம், ஏற்றுமதிக்கும் சேர்த்து. 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்ற வேண்டும், தாண்டினால் போர்ட்டலே வாங்காது. எக்ஸ்எம்எல் என்பது அதே பில்லை வாங்குபவரின் மெஷினுக்குப் படித்துக் காட்டுவது. அந்தக் கையொப்பம் எக்ஸ்எம்எல்லுக்கு மாறி வராது, வரவும் முடியாது, கையொப்பம் அந்தத் தரவுக்குப் போட்டது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஐஆர்என், அப்புறம் எக்ஸ்எம்எல். பில் நம்பர் இரண்டிலும் ஒரே மாதிரி, ஒரு ஹைஃபன்கூட மாறக்கூடாது. நமக்கு 16 எழுத்துதான் வரம்பு, ஐரோப்பியத் தரத்தில் அந்த வரம்பு இல்லை என்பதற்காக நீட்டாதீர்கள். ஐஆர்என்னைக் குறிப்பு வாசகத்துக்கான பிடி-22ல் எழுதிவிடுங்கள், அங்கே யாரும் படிக்காவிட்டாலும் நம் ஆடிட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க உதவும்.

சுக்ஃபெர்ட் அனுப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பிடிஎஃப்பும் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லும் வேறு வேறாக இருந்தால் ஜெர்மனியில் எக்ஸ்எம்எல்தான் முதன்மை. பிடிஎஃப்பில் சரியான விலையைப் போட்டு எக்ஸ்எம்எல்லில் பழைய விலை கிடந்தால், பழைய விலைதான் பில்.

வாணியம்பாடி ஷூ அப்பர்:
இத்தாலிக்கும் அனுப்புகிறோம் சார், அவர்கள் எஸ்டிஐ என்று ஏதோ சொல்கிறார்கள், ஃபத்தூராபிஏ என்று தனி வடிவமாம். அதற்கும் இதே ஷீட் போதுமா?

சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸ்:
எஸ்டிஐ இத்தாலி அரசின் பில் பரிமாற்றத் தளம், 2019 ஜனவரி 1 முதல் அங்கே உள்ளவர்களுக்குள் கட்டாயம். இங்கிருந்து அனுப்பும் நாம் அதில் போக வேண்டியதில்லை. அவர்கள் அழுத்திக் கேட்டால் மட்டும் பேசுவோம், கேட்காததை நாமாகச் செய்ய வேண்டாம்.

பேரணாம்பட்டு பில்லு:
நேற்று ராத்திரி அனுப்பினேன். இன்று மதியம் பதில் வந்தது, சிஸ்டத்தில் ஏறிவிட்டது, பேமென்ட் தேதியும் போட்டுவிட்டார்கள். கோசிட் ரிப்போர்ட்டில் ஒரு எச்சரிக்கை இன்னும் இருக்கிறது, தப்பு இல்லை. வாங்குபவர் ரெஃபரன்ஸுக்கு என்ன போடுவது என்று அவர்களையே கேட்டேன், அரசு அலுவலகங்களுக்குத்தான் தனி எண், உங்கள் வெண்டர் நம்பரே போதும் என்றார்கள். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "பச்சை கலரா வந்திருக்கே, அப்போ சரி" என்று போய்விட்டார்.

இப்போது வேறொன்று. அதே பார்ட்டி, போன ஷிப்மென்ட்டில் இரண்டு பண்டல் கிரேடு குறைவு என்று க்ளெய்ம் போட்டிருக்கிறார்கள், கிரெடிட் நோட் கேட்கிறார்கள். ஐஆர்என்னைக் கேன்சல் செய்ய 24 மணி நேரம்தான், அது போய் மூன்று வாரம் ஆகிறது. ஜேசானில் வகையை சிஆர்என், அதாவது கிரெடிட் நோட், என்று மாற்றினால் போதும், எக்ஸ்எம்எல்லில்?

காட்பாடி கோடர்:
நீங்கள் அனுப்புவது சிஐஐயா யூபிஎல்லா? சுக்ஃபெர்ட் என்றால் சிஐஐ, வகைக் கோடு 380ஐ 381 ஆக்கினால் போதும், ஃபைலின் அமைப்பு அப்படியே. யூபிஎல் என்றால் கிரெடிட் நோட்டுக்கு வெளி உறையே வேறு, அளவுக் கட்டத்தின் பெயரும் வேறு, வெறும் கோடு மாற்றினால் முதல் அடுக்கிலேயே விழுந்துவிடும். இரண்டிலும் தொகையை மைனஸில் போடாதீர்கள், 381 என்றாலே திரும்பத் தருவது என்று அர்த்தம், மைனஸும் சேர்ந்தால் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டியதாக மெஷின் எடுத்துக்கொள்ளும்.

குடியாத்தம் 2001:
அது நல்லதுதானே 😂

விசாரம் டாக்ஸ்:
பழைய பில் நம்பரையும் தேதியையும் முந்தைய பில் குறிப்பான பிடி-25, பிடி-26ல் போட மறக்காதீர்கள். அப்புறம் தொகையைக் குறைப்பதற்கு முன்னால் பேங்கில் கேளுங்கள், ஷிப்பிங் பில் மதிப்பைவிடக் குறைவாகப் பணம் வரப்போகிறது, அதற்கு அவர்கள் கேட்கிற பேப்பர் தனி. க்ளெய்ம் மெயில், போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

பேரணாம்பட்டு பில்லு:
மெயில் இருக்கிறது அக்கா, போட்டோ கேட்டு இப்போதுதான் எழுதினேன். சுக்ஃபெர்ட்தான், ஆக 381. வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.